தொப்பி அடியில் அறுந்த சத்தம்

வணக்கம் நேயர்களே.

கும்பகோணம், மன்னார்குடி, மாயவரம் என்று எந்தக் கடைத்தெருவுக்குப் போனாலும் இன்று உள்ளங்கையில் அடங்கும் ஆம்ப்ளிஃபையர் போர்டு கிடைக்கிறது. சில நூறு ரூபாய்தான். டீக்கடையிலும் சலூனிலும் டிராக்டரிலும் பாடுவது அதுதான். இதன் வகைக்கு கிளாஸ்-டி என்று பெயர். டி என்றால் டிஜிட்டல் என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை, ஏ, பி, சி-க்கு அடுத்து வந்த எழுத்து, அவ்வளவுதான்.

வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சியவர்களுக்கு இதன் வேலை சட்டென்று புரியும். பழைய ஆம்ப்ளிஃபையர், மதகுப் பலகையைப் பாதி தூக்கிப் பிடித்தபடியே நிற்கும். வேண்டிய தண்ணீர் போகும், ஆனால் பலகையில் மோதியே பாதி வேகம் வீணாகிவிடும். அந்த வீண்தான் சூடு. பழைய மைக்செட்டின் முதுகு தோசைக்கல்லாகக் கொதித்தது அதனால்தான். கிளாஸ்-டி அப்படியில்லை. பலகையை முழுசாகத் திறக்கும், முழுசாக மூடும். நொடிக்கு 4 லட்சம் தடவை! எவ்வளவு நேரம் திறந்திருந்தது என்பதுதான் கணக்கு. விட்டு விட்டு வரும் அந்த மின்சாரத்தை, போர்டின் ஓரத்திலுள்ள காயில் என்ற கம்பிச் சுருளும் கண்டென்சரும் சேர்ந்து சீராக்கி ஸ்பீக்கருக்கு அனுப்புகின்றன.

சாமான் நல்ல சாமான். பிறகு ஏன் இத்தனை பேர் "சரியில்லை" என்று என்னிடம் தூக்கிக்கொண்டு வருகிறார்கள்?

பாபநாசம் பக்கம் ஒரு டீக்கடைக்காரர். காலை 5 மணிக்குக் கடை திறந்ததும் நாகஸ்வரம் போட்டுவிடுவார். "அண்ணே, நாயனம் நல்லாத்தான் கேக்குது. தவுல் வந்தா விட்டு விட்டுப் பாடுது" என்றார். முதலில் ஸ்பீக்கரை மாற்றினாராம். சரியாகவில்லை. போர்டை மாற்றினாராம். அதுவும் அப்படியே. நான் கடைக்கே போய் உட்கார்ந்து கேட்டேன். தவுலின் வலது பக்கமான வலந்தலையில் விரல் ஓடும்போது ஒரு குறையும் இல்லை. இடது பக்கமான தொப்பியில் கம்பு விழுகிற நேரத்தில்தான் சத்தம் அறுந்தது. தொப்பி என்றால் கனத்த நாதம். அந்த ஒரு அடிக்குப் போர்டு மொத்தமாக மின்சாரம் கேட்கும். மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தேன். 12 வோல்ட் அடாப்டர், ஒவ்வொரு அடிக்கும் 8 வோல்ட்டுக்கு இறங்கி ஏறியது. போர்டு மேல் குற்றமே இல்லை. குடிக்கத் தண்ணீர் இல்லாத மாட்டை ஏர் இழுக்கச் சொன்ன கதை.

அதனால் சொல்கிறேன், முதலில் அடாப்டரைப் பாருங்கள். போர்டு வந்த பெட்டியின் அட்டையில் 200 வாட் என்று போட்டிருந்தால் நம்ப வேண்டாம். கணக்கு நீங்களே போடலாம். வோல்ட்டை வோல்ட்டால் பெருக்குங்கள், ஸ்பீக்கர் ஓமின் இரண்டு மடங்கால் வகுங்கள். 12 வோல்ட், 4 ஓம் என்றால் 144-ஐ 8-ஆல் வகுக்க வேண்டும், 18 வாட். சத்தம் பிசிறாமல் வேண்டுமென்றால் அதைத் தாண்டாது, அட்டையில் என்ன அச்சடித்திருந்தாலும் சரி. அந்த டீக்கடைக்கு ஒரு பழைய லேப்டாப் சார்ஜரைப் போட்டேன். 19 வோல்ட். அதே கணக்கில் 45 வாட். மறுநாள் தொப்பி முழுசாக விழுந்தது. எனக்கு அன்றைக்குக் கிடைத்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது.

ஆனால் சார்ஜரை மாட்டுமுன் போர்டின் நடுநாயகமான ஐசி என்ற சில்லின் மேல் உள்ள எண்ணைப் படியுங்கள். டிபிஏ 3116 என்றால் 26 வோல்ட் வரை தாங்கும். சின்னப் போர்டுகளில் வரும் பிஏஎம் 8403-க்கு 5 வோல்ட்தான், மேலே போனால் அப்போதே போய்விடும். எண்ணையே சுரண்டி அழித்திருந்தால் அந்தப் போர்டை வாங்கவே வாங்காதீர்கள்.

அப்புறம் உருளையான பெரிய கண்டென்சர். அதில் 25 வோல்ட் என்று இருக்கும், கடைக்காரர் 24 வோல்ட் அடாப்டரைக் கொடுத்துவிடுவார். நம் ஊர் சித்திரை வெயிலில், சூட்டை வெளியேற்றும் ஹீட்சிங்க் தகட்டை ஒட்டியபடி அது எத்தனை நாள் தாங்கும்? தலை உப்பிவிடும். 35 வோல்ட், 2200 மைக்ரோஃபாரட் ஒன்று மாற்றுங்கள். ஆகும் செலவு ஒரு காபிக் காசு, கிடைக்கும் பலன் பெரிது. ஹீட்சிங்க்கை மெல்ல அசைத்துப் பாருங்கள். ஆடினால் கழற்றி, சூடு கடத்தும் பழைய பசையைத் துடைத்துப் புதுசு தடவுங்கள். வேதாரண்யம், நாகப்பட்டினம் பக்கம் இருப்பவர்கள் வயர் மாட்டும் திருகுகளையும் பாருங்கள், உப்புக் காற்றில் பச்சை பூத்திருக்கும்.

இன்னும் ஒரு நிமிடம்தான் என்று கை காட்டுகிறார்கள். உள்ளே பாட்டு நுழையும் இடத்துக் கண்டென்சரை மாற்றுவது, மீடியம் வேவ் ரேடியோவுக்குப் பக்கத்தில் இந்தப் போர்டு வைத்தால் வரும் இரைச்சல், இதையெல்லாம் சொல்ல நினைத்திருந்தேன். ரேடியோவைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள், இப்போதைக்கு அது போதும்.

ஒன்றை மட்டும் விட முடியாது. பழைய மைக்செட்டில் வயர் மிச்சம் பிடிக்க இரண்டு ஸ்பீக்கரின் மைனஸையும் ஒன்றாக முறுக்கி மூன்று வயரில் இழுப்போம். இதில் செய்யாதீர்கள். இதில் ஸ்பீக்கருக்குப் போகும் இரண்டு வயரையுமே போர்டு இயக்குகிறது, மைனஸ் என்பது பேருக்குத்தான். ஒரு திருவிழாப் பந்தலில் நான் முறுக்கினேன், சாமி புறப்பாட்டு நேரத்தில் போர்டு போனது. ஸ்பீக்கருக்கு இரண்டு வயர், தனித்தனியாக இழுங்கள்.

வணக்கம்.