ஒரு 'ம்' கிளப்பிய சண்டை

எல்லோருக்கும் வணக்கம். ஒரு கற்பனைக் காட்சியில் தொடங்குகிறேன்.

மனைவி அன்று மனசைக் கஷ்டப்படுத்திய ஒரு விஷயத்தை நீளமாக எழுதிக் கணவனுக்கு அனுப்புகிறாள். அவன் வேலை மும்முரத்தில் 'ம்' என்று மட்டும் பதில் போடுகிறான். பத்து நிமிடத்தில் இருபது செய்திகள் வந்து விழுகின்றன. "என்னை விட்டுட்டுப் போகப்போறியா?" அப்புறம், "போய்த் தொலை." அப்புறம், "ப்ளீஸ், போனை எடு." மூன்றையும் எழுதியது ஒரே ஆள்தான். அந்தந்த நொடியில் மூன்றுமே அவளுக்கு உண்மை.

இப்படிப்பட்ட கொந்தளிப்புக்குப் பின்னால் பார்டர்லைன் பெர்சனாலிட்டி டிஸ்ஆர்டர் என்ற மனநலக் கோளாறு இருக்கலாம். மனைவி என்று சொன்னதால் இதைப் பெண்களின் நோய் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். மருத்துவமனைகளில் பெண்களுக்குத்தான் இந்தப் பெயரை அதிகம் வைக்கிறார்கள். பொதுமக்களிடையே எடுத்த பெரிய அமெரிக்கக் கணக்கெடுப்பில் ஆண், பெண் வித்தியாசம் பெரிதாகத் தெரியவில்லை.

இதற்குத் தமிழில் எல்லைக்கோட்டு ஆளுமைக் கோளாறு என்று பெயர். எந்த எல்லை? நியூரோசிஸ் எனும் பதற்றம் போன்ற லேசான மனக்கோளாறுகளுக்கும், சைக்கோசிஸ் எனும் நிஜத்தோடு தொடர்பு அறும் கடும் மனநோய்க்கும் நடுவில் இருப்பவர்கள் என்று ஒருகாலத்தில் நினைத்தார்கள். 1938-இல் அடால்ஃப் ஸ்டெர்ன் என்ற உளப்பகுப்பாய்வாளர் எழுதிய கட்டுரையோடு நிலைத்த சொல் இது. அந்தக் கருத்து போய்விட்டது, பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. எனக்கு இந்தப் பெயர் பிடிக்கவே இல்லை. 1980-இல் அமெரிக்க மனநலக் கையேட்டில் இடம்பெற்றது. இன்று 9 அறிகுறிகளில் 5 இருந்தால் இந்தப் பெயர் வைக்கலாம். முதலில் வருவது, கைவிடப்படுவோமோ என்ற பதைப்பு.

மார்ஷா லினஹன் என்ற உளவியலாளர் இந்த உணர்ச்சிக் கொந்தளிப்பை மூன்றாகப் பிரித்தார். சின்ன விஷயமும் தைக்கும், தைத்தது பலமாக வலிக்கும், வலி தணிய நெடுநேரம் ஆகும். முதல் இரண்டும் எல்லோர் கண்ணிலும் படும். வீடுகளில் சண்டையை வளர்ப்பது மூன்றாவது என்பேன். கணவனுக்கு மாலை ஆறு மணிக்கே எல்லாம் முடிந்துவிட்டது. அவளுக்கு இரவு பத்துக்கும் முடியவில்லை. அவன் சாதாரணமாகத்தான் கேட்கிறான், "இன்னுமா?" சரி, அடுத்த சண்டைக்கு அந்த ஒரு சொல் போதும்.

அப்போது பெரும்பாலோர் வாயை மூடிக்கொள்வார்கள். பேசினால்தானே வம்பு! ஆனால் உணர்ச்சியே காட்டாத முகத்தைக்கூட இவர்கள் கோபமான முகமாகப் படித்துவிடுவதுண்டு என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. மௌனம் அவளுக்குச் சமாதானமாகப் படாது, கதவைச் சாத்தும் சத்தமாகக் கேட்கும்.

2008-இல் வெளியான ஒரு பரிசோதனை என்னை நிறைய யோசிக்க வைத்தது. இருவர் பணம் வைத்து ஆடும் நம்பிக்கை விளையாட்டு. முதல் ஆள் கொடுக்கும் பணம் பெருகி இரண்டாம் ஆளிடம் போகும், அதில் எவ்வளவு திருப்பித் தருவது என்பது அவர் இஷ்டம். முதல் ஆள் தயங்கிக் குறைவாகக் கொடுத்தால், மற்றவர்கள் கொஞ்சம் தாராளமாகத் திருப்பிக் கொடுத்து அவரை மறுபடி இழுத்துக்கொண்டார்கள். பார்டர்லைன் உள்ளவர்களிடம் அந்த ஒட்டுப்போடும் வேலை அவ்வளவாக நடக்கவில்லை. கூட்டு உடைந்தே போனது. அவர்களுக்குக் கெட்ட மனசு என்று இதற்கு அர்த்தமில்லை. ஏதோ பிசகுகிறது என்ற மெல்லிய சமிக்ஞை அவர்கள் மூளையில் சரியாக ஒலிக்கவில்லை, அவ்வளவுதான்.

உடனிருப்பவர் என்ன செய்யலாம்? அலை உச்சத்தில் இருக்கும்போது யார் சொன்னது சரி என்று வழக்காடாதீர்கள். "ஒழுங்கா பதில் போடாதது உன்னை வருத்தியிருக்கு" என்பது உண்மை, தாராளமாகச் சொல்லலாம். "ஆமா, நான் உன்னை வெறுக்கிறேன்" என்று ஒத்துக்கொள்ள வேண்டியதில்லை. விலகிப் போக வேண்டுமென்றால் திரும்பும் நேரத்தைச் சொல்லிவிட்டுப் போங்கள், அந்த நேரத்துக்கு வந்தும் விடுங்கள். அடி, வசைகளைப் பொறுத்துக்கொள்ளச் சொல்லவில்லை. தற்கொலைப் பேச்சு வந்தால் மட்டும் 'சும்மா மிரட்டுகிறாள்' என்று ஒதுக்காதீர்கள், உடனே உதவி தேடுங்கள்.

லினஹன் உருவாக்கிய டயலெக்டிகல் பிஹேவியர் தெரபி என்ற உளவியல் சிகிச்சையில், இந்தக் கொந்தளிப்பைத் தாங்குவதற்கென்றே பயிற்சிகள் உண்டு. முகத்தில் குளிர்ந்த நீர் பட்டால் இதயத்துடிப்பு குறையும், அனுப்பத் துடிக்கும் செய்தியைக் கொஞ்சம் தள்ளிப்போட முடியும். இளவயதில் தானே மனநல மருத்துவமனையில் கிடந்தவர் என்பதை அவர் 2011-இல் வெளிப்படையாகச் சொன்னார்.

மேரி ஜனாரினி என்ற அமெரிக்க ஆய்வாளரின் குழு பார்டர்லைன் உள்ள 290 நோயாளிகளைப் பத்தாண்டுகள் தொடர்ந்து கவனித்தது. 93 சதவீதம் பேருக்கு அறிகுறிகள் குறைந்து, குறைந்தது இரண்டு ஆண்டுகள் அப்படியே நீடித்தது. தன்னைத்தானே வெட்டிக்கொள்வது போன்றவை சீக்கிரம் போகின்றன, கைவிடப்படும் பயம் மெதுவாகத்தான் போகிறது. நம் கதையின் மனைவிக்கு அடுத்த 'ம்'-ஐப் பார்த்தால் நெஞ்சு அடித்துக்கொள்ளத்தான் செய்யும். இருபது செய்திகள் இரண்டாகியிருக்கும்.