முடிசூடும் பெருமாள் முத்துக்குட்டி ஆன கதை

நடுவர் அவர்களே, எதிரணியில் இருக்கும் என் அருமைத் தம்பி, தங்கைகளே, ஒன்பது மணிக்குச் சீரியல் இருந்தும் வந்து உட்கார்ந்திருக்கும் நாகர்கோவில் மக்களே, எல்லோருக்கும் வணக்கம்.

'இன்றைய மனிதனுக்குப் பெரிதும் அடையாளம் தருவது அவனுடைய தனிவாழ்க்கையா, அரசியலா?' இதுதான் தலைப்பு. அரசியல்தான் என்று பேச என்னை நிறுத்தியிருக்கிறார்கள். மேடைப் படியில் கால் வைக்கும்போதே ஒரு பெரியவர் கையைப் பிடித்து, "டீச்சர், அரசியல்னு சொல்லி யாரையும் கோபப்படுத்திராதீங்க. சாப்பாடு நல்லாருக்கு, சாப்பிட்டுட்டுப் போங்க" என்றார். ஐயா, பயப்பட வேண்டாம். நான் ஓட்டுக் கேட்க வரவில்லை. யார் எதை உடுத்தலாம், எந்தத் தெருவில் நடக்கலாம், பிள்ளைக்கு என்ன பெயர் வைக்கலாம், எந்த மொழியில் படிக்கலாம் என்று முடிவு செய்கிறதே ஓர் அதிகாரம், அதையும் அதை எதிர்த்து நடக்கிற சண்டையையும் சேர்த்துத்தான் அரசியல் என்கிறேன். கொடியும் கரைவேட்டியும் அதன் ஓரம்தான்.

எதிரணியில் முதலில் பேசிய தம்பி தன் கார் சாவியைத் தூக்கிக் காட்டினார். "இது வந்த பிறகுதான் தெருவில் எனக்கு மரியாதை. பொருள்தான் அடையாளம்" என்றார். சரி தம்பி, கார் நல்ல கார்தான். உங்கள் அப்பாவிடம் கேட்டுப் பாருங்கள். பணம் கையில் இருந்தாலும் ஒரு ஸ்கூட்டருக்குப் பதிவு செய்துவிட்டு வருடக்கணக்கில் காத்திருந்த காலம் அது. ஒரு தொழிற்சாலை எத்தனை வண்டி செய்யலாம் என்பதற்கே டெல்லியில் லைசன்ஸ் வாங்க வேண்டும். காரென்றால் அம்பாசிடர், இல்லையென்றால் பியட். 1983 கடைசியில் மாருதி வந்தது. 1991-இல் தாராளமயம் என்று கதவு திறந்தது. நீங்கள் ஷோரூமில் நின்று கறுப்பா வெள்ளையா என்று யோசித்தீர்களே, அந்த யோசனையையே ஒரு பட்ஜெட் உரைதான் உங்களுக்குக் கொடுத்தது.

கார் கிடக்கட்டும். அதைவிடச் சின்னப் பொருள் ஒன்றை எடுக்கிறேன். ஒரு முழத் துணி.

இதை மதுரையிலோ திருச்சியிலோ பேசினால் விளக்கம் சொல்ல வேண்டியிருக்கும். இங்கே பாதிப் பேருக்கு வீட்டிலேயே கதை இருக்கும். இந்த மண் திருவிதாங்கூர் அரசின் கீழ் இருந்தபோது நாடார் பெண்களும் அவர்களுக்குக் கீழே தள்ளப்பட்ட மற்றப் பெண்களும் மாராப்புப் போட்டுக்கொள்ளக் கூடாது. துணி வாங்கக் காசில்லாமல் இல்லை. வாங்கலாம், பெட்டியில் வைக்கலாம், தோளில் போடக் கூடாது. கிறிஸ்தவர்களாக மாறிய பெண்கள் குப்பாயம் என்ற மேல்சட்டை போட்டார்கள். சந்தையில் வைத்துக் கிழித்தார்கள். வீடுகளும் பள்ளிகளும் எரிந்தன. பல பத்தாண்டுகள் நடந்த தோள்சீலைப் போராட்டம் அது. சென்னை கவர்னர் வரை போய் நெருக்கடி வந்த பிறகு, 1859 ஜூலையில் மகாராஜா உத்தரவு போட்டார், தோளை மறைத்துக்கொள்ளலாம் என்று. அதிலும் ஒரு வால் இருந்தது. ரவிக்கை போடலாம், முரட்டுத் துணியைக் கட்டலாம், ஆனால் மேல்சாதிப் பெண்கள் கட்டும் பாணியில் மட்டும் கட்டக் கூடாது!

கவனித்தீர்களா தம்பி? துணி கொடுத்தாயிற்று. முந்தானையை எந்தப் பக்கம் விடுவது என்பதை மட்டும் அரசாங்கம் கையில் வைத்துக்கொண்டது. அந்தப் பக்கத்தில்தானே அடையாளம் இருக்கிறது? பொருள் உங்களுடையது. அந்தப் பொருளுக்கு என்ன அர்த்தம் என்று எழுதுகிற பேனா இன்னொருவர் கையில். இன்றைக்குத் தங்கைமார் பட்டுச்சேலைக்கு எது மேட்ச் என்று அரைமணி நேரம் கண்ணாடி முன்னால் நிற்கிறீர்கள். நில்லுங்கள், தப்பே இல்லை. அந்த அரைமணி நேரம் சும்மா வரவில்லை என்று மட்டும் சொல்கிறேன்.

கண்ணாடி என்றதும் எதிரணியில் இரண்டாவதாகப் பேசிய தங்கை நினைவுக்கு வருகிறார். கைதட்டலை எல்லாம் அவர்தான் அள்ளிக்கொண்டு போனார். "ஆன்மிகம்தான் மனிதனுக்கு அடையாளம். சாமித்தோப்புக்குப் போங்கள். ஐயா வைகுண்டர் பள்ளியறையில் சிலை வைக்கவில்லை, கண்ணாடி வைத்தார். அதில் உன்னையே பார், உனக்குள்ளே இறைவனைப் பார் என்றார். இதில் அரசியல் எங்கே இருக்கிறது?" என்று கேட்டார். தங்கையே, அழகான கேள்வி. உண்மையில் நான் கொண்டுவர இருந்த சாட்சியை நீங்களே கூண்டில் ஏற்றிவிட்டுப் போயிருக்கிறீர்கள்.

கண்ணாடியைப் பார்த்தீர்கள். அதன் முன்னால் நிற்கிற ஆண்களின் தலையைப் பார்த்தீர்களா? தலைப்பாகை. ஊரில் மற்றக் கோயில்களில் தலையில் துண்டு இருந்தால் எடுத்துக் கக்கத்தில் வைப்பார்கள். இங்கே மட்டும் கட்டிக்கொண்டு போக வேண்டும். ஏன்? தலைப்பாகை கட்டுவது உயர்ந்தவர்களுக்கே உரிய மரியாதை, மற்றவன் கட்டினால் குற்றம் என்று இருந்த நாட்டில், சாமி முன்னாலேயே கட்டிக்கொண்டு நில் என்றார் அவர். அந்தத் தலைப்பாகையோடுதான் கண்ணாடியில் உன்னைப் பார்க்க வேண்டும். வெறும் தலையோடு பார்த்தால் ஊர் சொன்ன ஆள் தெரிவான். கட்டிக்கொண்டு பார்த்தால் வேறு ஆள் தெரிவான். இதை ஆன்மிகம் என்று நீங்கள் சொன்னால் நான் மறுக்கவில்லை. ஆனால் அந்தக் கண்ணாடியில் தெரிகிற முகத்துக்கு முண்டாசு கட்டியது அரசியல்.

இன்னொன்று. அவர் 1809-இல் பிறந்தபோது அம்மா அப்பா வைத்த பெயர் வைகுண்டர் இல்லை. முடிசூடும் பெருமாள். தலையில் ஒரு முடி, கூடவே ஒரு பெருமாள். பனையேறுகிற சாதியில் பிறந்த பிள்ளைக்கு இப்படி ஒரு பெயரா என்று மேலே இருந்தவர்களுக்குப் பொறுக்கவில்லை. மாற்றச் சொன்னார்கள். முத்துக்குட்டி என்று மாற்றினார்கள். தொட்டிலில் கிடக்கிற குழந்தை, நடுவர் அவர்களே! அதற்குச் சொத்து இல்லை, பக்தி இல்லை, கைப்பேசி இல்லை. அது கண் விழித்துப் பார்ப்பதற்குள் அதன் அடையாளத்தைத் திருத்தியாகிவிட்டது. அந்தக் குழந்தை வளர்ந்து வைகுண்டர் என்று வந்து நின்றபோது, அரசாங்கம் பிடித்துக்கொண்டு போய்த் திருவனந்தபுரம் சிங்காரத்தோப்பில் அடைத்தது. வெறும் பஜனை பாடுகிறவரை யாராவது சிறையில் வைப்பார்களா?

பக்திக்கு ஒரு மார்க் குறைத்துவிட்டேன் என்று நினைக்காதீர்கள். ராத்திரி தூக்கம் வராமல், பிள்ளைக்கு ஜுரம் என்று ஒருத்தி விளக்குக்கு முன்னால் உட்காருகிறாளே, அந்த இடத்துக்குள் எந்த அரசாங்கமும் வர முடியாது. அதை ஒப்புக்கொள்கிறேன். நானும் உட்கார்ந்திருக்கிறேன். ஆனால் 'பக்தன்' என்று ஊரறிய ஒரு பெயர் வேண்டுமென்றால் கோயிலுக்குப் போக வேண்டும். கோயிலுக்குப் போக வழி வேண்டும். இதோ பக்கத்தில் சுசீந்திரம். தாணுமாலயன் மேல் பக்தி எல்லோருக்கும் இருந்தது. கோயிலைச் சுற்றியுள்ள தெருவில் நடக்கவே சிலருக்கு அனுமதி இல்லை. 1926-இல் அங்கே சத்தியாகிரகம் நடந்தது. பத்து வருடம் கழித்து, 1936 நவம்பர் 12-இல் சித்திரைத் திருநாள் மகாராஜா ஆலயப் பிரவேசப் பிரகடனத்தில் கையெழுத்துப் போட்டார். நவம்பர் 11 ராத்திரி வரைக்கும் வெளியே நின்ற ஆள், அதற்கப்புறம் உள்ளே போகலாம். ஒரே ராத்திரியில் பக்தி முற்றிவிட்டதா? மாறியது ஒரு கையெழுத்து.

மூன்றாவதாக வந்த தம்பிக்கு வருகிறேன். கல்லூரி மாணவர், துறுதுறுப்பு. "அக்கா, நீங்கல்லாம் பழைய ஆளு. எங்களுக்கு நாங்க யாருங்கிறதை நாங்களே செதுக்குறோம். போட்டோ, ரீல்ஸ், ஐடி, எல்லாம் எங்க கையில" என்றார். அக்கா என்றதற்கு நன்றி, எனக்கு வயது அறுபத்து மூன்று.

தம்பி, 2020 ஜூன் 29 நினைவிருக்கிறதா? எல்லோரும் வீட்டில் அடைந்து கிடந்த நேரம். கல்வானில் சீனாவோடு மோதல் நடந்து இரண்டு வாரம்தான் ஆகியிருந்தது. மத்திய அரசு 59 செயலிகளைத் தடை செய்தது. டிக்டாக்கும் அதில் ஒன்று. வயக்காட்டில் ஆடினவர், இட்லிக் கடையில் வசனம் பேசினவர், லட்சம் பேர் பின்னால் வந்தார்கள். ஊரில் யாரும் திரும்பிப் பார்க்காத ஆளுக்கு, 'நீங்கதானே அவரு?' என்று பஸ்ஸில் கேட்கிற மாதிரி ஒரு முகம் கிடைத்திருந்தது. மலையில் எல்லைத் தகராறு, இங்கே இவர் முகம் போயிற்று. செதுக்கினது அவர்தான், சந்தேகமில்லை. கல் யாருடையது?

அப்புறம் கைப்பேசியை நீங்கள் பார்க்கிறீர்கள் என்று நினைக்கிறீர்கள். 2018-இல் கேம்பிரிட்ஜ் அனலிட்டிக்கா விவகாரம் வெடித்தது. 8.7 கோடிப் பேர் வரை பேஸ்புக் விவரங்கள் முறையில்லாமல் அந்த ஆலோசனை நிறுவனத்துக்குப் போயிருக்கலாம் என்று பேஸ்புக்கே ஒப்புக்கொண்டது. யாருக்காக அள்ளினார்கள்? தேர்தல் வேலைக்காக. நீங்கள் எந்தப் பாட்டுக்கு ஹார்ட் போட்டீர்கள் என்பதை வைத்து எந்தச் சின்னத்தில் குத்துவீர்கள் என்று கணக்குப் போடப் பார்த்தார்கள். உங்கள் தனிவாழ்க்கை என்று நீங்கள் சொல்வது அவர்களுக்கு வாக்காளர் பட்டியல்.

நடுவர் மணியைத் தொடுகிறார். தொட்டுக்கொண்டு மட்டும் இருங்கள் ஐயா, அடிக்க வேண்டாம்.

என் அப்பா அடிக்கடி ஒன்று சொல்வார். 1956 அக்டோபர் 31-ஆம் தேதி படுக்கும்போது அவர் திருவிதாங்கூர்-கொச்சிக்காரர். மறுநாள் எழுந்தபோது சென்னை மாநிலத்துக்காரர். பாய் மாறவில்லை, தலையணை மாறவில்லை. அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு என்று நான்கு தாலுகாக்கள் அப்படியே இந்தப் பக்கம் வந்தன. சும்மா வந்ததா? நேசமணி தலைமையில் வருடக்கணக்கில் போராட்டம், 1954 ஆகஸ்ட் 11 துப்பாக்கிச் சூடு, உயிர்கள். அதனால்தான் நான் தமிழாசிரியராக இந்த மேடையில் நிற்கிறேன். இல்லையென்றால் இதே ஆள், இதே மூக்கு, இதே வாய், மலையாளத்தில் பேசிக்கொண்டிருப்பேன். நீங்களும் கைதட்டிக்கொண்டிருப்பீர்கள், அது வேறு.

இந்தக் கூட்டத்தில் ஒரு சோதனை. உங்கள் பெயரை முழுதாகச் சொல்லுங்கள். ஓர் இனிஷியல், ஒரு பெயர், அவ்வளவுதான். வடக்கே போனால், "சரி, சர்நேம் என்ன?" என்று ரயிலில் கேட்பார்கள். நமக்கு விழிக்கத்தான் தெரியும். 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் சுயமரியாதை மாநாடு கூடி, பெயருக்குப் பின்னால் சாதிப் பட்டம் வேண்டாம் என்று தீர்மானம் போட்டது. அதற்குப் பிறகு வால்கள் மெல்ல மெல்ல உதிர்ந்தன. சாதி போய்விட்டதா என்று கேட்காதீர்கள், கல்யாணப் பத்திரிகையைப் பார்த்தால் தெரியும். ஆனால் வருகைப் பதிவேட்டில் போய்விட்டது. முப்பத்து நான்கு வருடம் நான் வகுப்பில் பெயர் கூப்பிட்டிருக்கிறேன், பெயருக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டிருக்கிற சாதியை ஒரு நாளும் கூப்பிட்டதில்லை. முன் பெஞ்சுக்காரனும் பின் பெஞ்சுக்காரனும் என் வாயில் ஒரே மாதிரி வந்தார்கள். அந்தப் பிள்ளைகளில் எவனாவது தன் பெயர் இப்படிக் குட்டையாக இருப்பதற்கு ஒரு மாநாட்டுத் தீர்மானம் காரணம் என்று யோசித்திருப்பானா? யோசிக்கத் தேவையே இல்லாதபடி உடம்போடு ஒட்டிவிட்டது.

பெயர் என்று வந்துவிட்டதால் ஒன்றைச் சொல்லிவிட்டு இறங்கிவிடுகிறேன். சுதந்திர இந்தியாவின் முதல் பொதுத் தேர்தலுக்குப் பட்டியல் எடுக்கப் போனபோது, பல பெண்கள் தங்கள் பெயரைச் சொல்லவில்லை. இன்னாருடைய மனைவி, இன்னாருடைய அம்மா என்றுதான் சொன்னார்கள். பெரும்பாலும் வட மாநிலங்களில். சொந்தப் பெயர் இல்லாமல் பட்டியலில் சேர்க்க முடியாது என்று தலைமைத் தேர்தல் ஆணையர் சுகுமார் சென் பிடிவாதமாக நின்றார். கிட்டத்தட்ட 28 லட்சம் பெண்கள் அந்த முறை நீக்கப்பட்டார்கள். கொடுமைதான். ஆனால் யோசித்துப் பாருங்கள். அந்த வீடுகளில் நகை இருந்திருக்கும், பூஜை அறை இருந்திருக்கும். அவளிடம் 'உன் பெயர் என்ன?' என்று விடாப்பிடியாகக் கேட்டுக்கொண்டு வந்தது ஓட்டுச் சீட்டு.

அது எங்கேயோ வடக்கே நடந்தது என்று நானும் நினைத்துக்கொண்டிருந்தேன். பல வருடங்களுக்கு முன்னால் தேர்தல் வேலைக்கு விளவங்கோடு பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் போட்டார்கள். முதல் வாக்குப்பதிவு அலுவலர் நான். பட்டியலைப் பார்த்து, வரிசை எண்ணையும் பெயரையும் ஏஜெண்டுகளுக்குக் கேட்கிற மாதிரி சத்தமாகப் படிக்க வேண்டும். மத்தியானம் வெயில் தாழ ஒரு பாட்டி வந்தார். எண்பதுக்கு மேல் இருக்கும். காது தோள் வரை தொங்குகிறது, பாம்படம் இல்லை. பேரன் கையைப் பிடித்திருக்கிறான். ஏஜெண்டுகள் எல்லோருக்கும் அவரைத் தெரியும், ஆனால் ஏதோ ஒரு விளையைச் சொல்லி, 'அந்த விளைக் கிழவி' என்றுதான் தெரியும். நான் சீட்டை வாங்கிப் பட்டியலில் தேடிப் பெயரைச் சத்தமாகப் படித்தேன். அழகான பெயர். அது அவருடையது, அதனால் இங்கே சொல்லவில்லை.

பேரன் திகைத்துப் போய்த் திரும்பி, "பாட்டி, அது உன் பேரா?" என்றான்.

பாட்டி அவனுக்குப் பதில் சொல்லவில்லை. என் மேஜையைப் பிடித்துக்கொண்டு குனிந்து, "இன்னும் ஒருக்கா வாசி மக்களே" என்றார்.

நான் வாசித்தேன். விதியில் ஒரு முறைதான். இரண்டு முறை வாசித்தேன். நன்றி, வணக்கம்.