மொஸார்ட்டின் 40ஆம் சிம்பொனியில் சுருதியின் பயணம்

அவையோர்க்கு வணக்கம். சிம்பொனி என்றதும் எண்ணற்ற வாத்தியங்கள் ஒருசேர முழங்கும் பேரொலியே பலருக்கு நினைவுக்கு வருகிறது. ஆனால் 18ஆம் நூற்றாண்டின் ஐரோப்பிய இசையமைப்பாளர்களான ஹைடனும் மொஸார்ட்டும் வளர்த்தெடுத்த செவ்வியல் காலச் சிம்பொனிக்கு உயிர் கொடுப்பது சுருதி, அதாவது ஆதார ஷட்ஜம், இடம்பெயர்ந்து மீளும் பயணமே என்பதை ஒரே படைப்பைக் கொண்டு சொல்ல விரும்புகிறேன்.

1788ஆம் ஆண்டுக் கோடையில் மொஸார்ட் வியன்னாவில் மூன்று சிம்பொனிகளை எழுதினார். நடுவிலுள்ள இந்த 40ஆம் சிம்பொனி ஜி மைனரில், அதாவது ஜி என்னும் சுரத்தை ஆதாரமாகவும் சாதாரண காந்தாரத்தையும் கொண்ட சுருதியில், அமைந்தது; அதை ஜூலை 25 அன்று தம் படைப்புப் பட்டியலில் பதிந்தார். டிரம்பெட்டும் டிம்பனி என்னும் பெருமுரசும் இதில் கிடையா. வயலினைவிடச் சற்றுப் பெரிய வயோலாக்கள் மெல்லப் படபடக்க, அதன்மேல் வயலின்கள் தாழ்ந்த குரலில் மெட்டை எடுக்கின்றன. ஜியை ஷட்ஜமாகக் கொண்டால் அதை ‘தபப தபப தபப’ என்று நாமே பாடிவிடலாம். சுத்த தைவதம் பஞ்சமத்தின்மேல் சாயும் அந்தப் பெருமூச்சு மும்முறை கேட்டபின், மெட்டு மேல் ஸ்தாயிக் காந்தாரத்துக்குத் தாவுகிறது.

இச்சிம்பொனியில் வரும் கொம்பு (ஹார்ன்) என்னும் பித்தளை ஊதுகருவிக்கு அக்காலத்தில் சுரத்தை மாற்றித்தரும் வால்வு இல்லை. குழலின் நீளம் தரும் இயற்கைச் சுரங்களே அதில் தெளிவாக ஒலிக்கும். ஜி கொம்பில் அந்தர காந்தாரம் கிடைக்கும், மைனருக்கு இன்றியமையாத சாதாரண காந்தாரம் கிடைக்காது. ஆகவே சிம்பொனியின் நான்கு பகுதிகளுள் முதற்பகுதியிலும் இறுதிப்பகுதியிலும் மொஸார்ட் ஒரு கொம்பை ஜியிலும் மற்றொன்றை அந்தச் சாதாரண காந்தாரமான பி ஃப்ளாட்டிலும் அமைத்து, ஒன்றில் இல்லாததை மற்றொன்றில் பெற்றுக்கொண்டார். இந்தத் தச்சு வேலை என்னை மிகவும் கவர்கிறது.

ஆதார ஷட்ஜம் அசையாத இசையில் வளர்ந்த நம் செவி இனிமேல்தான் விழித்திருக்க வேண்டும். முதற்பகுதியின் இரண்டாம் மெட்டு பி ஃப்ளாட் மேஜரில், அதாவது பி ஃப்ளாட்டை ஆதாரமாகவும் அந்தர காந்தாரத்தையும் கொண்ட சுருதியில், நரம்பு வாத்தியங்களும் குழல்களும் மாறிமாறிப் பேச, வெளிச்சமாக வருகிறது. அதுவரை வந்ததை மறுபடியும் வாசிக்க வேண்டும் என்பது குறிப்பு; மெட்டு நினைவில் பதிந்தால்தான் பின்னால் அதற்கு நேர்வது புரியும். அடுத்து, ‘தபப’ மெட்டு எஃப் ஷார்ப் மைனர் வரை வெகுதொலைவு அலைக்கழிக்கப்பட்டு ஜிக்குத் திரும்புகிறது. அப்போது இரண்டாம் மெட்டும் ஜி மைனருக்குள் வந்தாக வேண்டும். சுரங்களின் வரிசை ஏறக்குறைய அதுவே. முன்பு ஆறுதலாக ஒலித்தது இப்போது துயரமாக ஒலிக்கிறது. எத்தனை முறை கேட்டாலும் அந்த இடத்தில் எனக்கு நெஞ்சு கனக்கிறது.

மைனரில் தொடங்கிய சிம்பொனியை மேஜரில் நிறைவுசெய்து கேட்போரைத் தேற்றி அனுப்புவதும் அக்காலத்தில் உண்டு. மொஸார்ட் அந்த ஆறுதலைத் தரவில்லை. நான்காம் பகுதி ஜி மைனரிலேயே வேகமாக ஓடி, ஜி மைனரிலேயே முடிகிறது.