தோட்டத்துல இருந்து கிள்ளானுக்கு முதல் மோட்டார்: இஎக்ஸ்5-ஆ, ஒய்15-ஆ, ஸ்கூட்டரா?

அடுத்த கேள்வி, பந்திங் பக்கத்துல ஒரு தோட்டத்துல இருந்து ஒரு தங்கச்சி அனுப்பியிருக்காங்க. வயசு 19, மோட்டார் ஓட்டற பி2 லைசென்ஸ் இப்பத்தான் கைக்கு வந்திருக்கு. கிள்ளான் டவுன்ல வேலை கிடைச்சிருக்கு. வீட்ல இருந்து மெயின் ரோடு வரைக்கும் 4 கிலோமீட்டர் செம்பனைக்குள்ள மண்ணு ரோடு, அப்புறம் தெலுக் பங்ளிமா காராங் வழியா கிள்ளான். ஒரு வழி 30 கிலோமீட்டர் வருதாம். அப்பா ஹோண்டா இஎக்ஸ்5 போதும்ங்கறாரு, அண்ணன் யமாஹா ஒய்15 எடுங்கறாரு, இவங்களுக்கு ஸ்கூட்டர் மேல ஆசை. மூணுல எதுன்னு கேக்கறாங்க.

மூணும் வேண்டாம்மா. முன்னாடி டிஸ்க் பிரேக் இருக்கற 110 இல்லன்னா 125 சிசி கப்சாய் (இஎக்ஸ்5 மாதிரி காலால கியர் மாத்தற சின்ன மோட்டார்) எடுங்க. ஹோண்டா வேவ் அல்ஃபா டிஸ்க் மாடல் போதும். கையில இன்னும் கொஞ்சம் காசு இருந்தா வேவ் 125. ஏன்னு சொல்றேன்.

இஎக்ஸ்5-ஐக் குறை சொன்னா நம்ம ஆளுங்க சண்டைக்கு வந்துருவாங்க, தெரியும். எஞ்சின்ல ஒரு குறையும் கிடையாது. எந்தக் கடையில கேட்டாலும் சாமான் கிடைக்கும், எந்தப் போர்மேனும் கண்ண மூடிக்கிட்டுப் பிரிச்சு மாட்டுவாரு. தோட்டத்துக்குள்ள ஓட்ட, பக்கத்து டவுனுக்கு மார்க்கெட் போய்வர அதை மிஞ்ச ஆளில்ல. ஆனா அதுல முன்னாடியும் பின்னாடியும் டிரம் பிரேக். நீங்க போகப்போறது 5ஆம் நம்பர் கூட்டரசு சாலை. புலாவ் இண்டா துறைமுகத்துக்குப் போற கொள்கலன் லோரி எல்லாம் அந்தப் பக்கம்தான் ஓடுது. 80-ல போயிட்டிருக்கும்போது முன்னால இருக்கற கார் சட்டுன்னு பிரேக் போட்டா, உங்களை நிறுத்தப் போறது பெரும்பாலும் முன் பிரேக்தான். பிரேக் பிடிச்ச உடனே பாரத்துல பெரும்பகுதி முன் சக்கரத்துக்குப் போயிடும், பின் சக்கரம் லேசாகி வழுக்கத்தான் செய்யும். டிரம்ல தண்ணி புகுந்துட்டா உள்ள இருக்கற பிரேக் ஷூ நனைஞ்சு, காயற வரைக்கும் பிரேக் சரியா பிடிக்காது. டிஸ்க் வெளியிலயே சுத்தறதால தண்ணியச் சிதறடிச்சுடும். நம்ம ஊர்ல சாயங்கால மழை எப்பப்ப வரும்னு உங்களுக்கே தெரியும், வேலை முடிஞ்சு வர்ற நேரமும் அதேதான்.

அதுக்காக மண்ணு ரோட்டுல முன் பிரேக்கை அழுத்திப் பிடிச்சுடாதீங்க. சரளையில முன் சக்கரம் பூட்டிக்கிட்டா அடுத்த நொடி தரையிலதான். தோட்டத்து ரோட்டுல கியரைக் குறைச்சு, பின் பிரேக்கை மெதுவா மிதிங்க. தார் ரோடு ஏறினதும் ரெண்டையும் சேர்த்துப் பிடிங்க.

இப்ப ஸ்கூட்டர். மழைக்கோட்டும் சாப்பாட்டுப் பையும் சீட்டுக்கு அடியில போட்டுக்கலாம், கியர் தொல்லை இல்ல, ஜாம்ல ஓட்ட சுகம். வீடு கிள்ளான் டவுன்லயே இருந்திருந்தா யோசிக்காம ஸ்கூட்டர்னு சொல்லியிருப்பேன். உங்க கேஸ்ல இடிக்கறது அந்த 4 கிலோமீட்டர்தான். கப்சாய்க்கு 17 இஞ்சு சக்கரம், பீட், வேரியோ மாதிரி ஸ்கூட்டருக்கு 14. சக்கரம் சின்னதா இருந்தா குழியில உள்ள இறங்கி அடி வாங்கும், பெருசு ஏறித் தாண்டிடும். அடுத்தது செம்மண் தூசி. ஏர் ஃபில்டர் சீக்கிரம் அடைக்கும், ஸ்கூட்டர்ல செயினுக்குப் பதிலா பெல்ட்தான், அந்தப் பெட்டிக்குள்ள தூசி போனா பெல்ட்டும் ரோலரும் தேயும். சாதாரணமாவே 20,000-லிருந்து 25,000 கிலோமீட்டருக்குள்ள பெல்ட் மாத்தணும். நீங்க ஒரு நாளைக்கு 60, மாசம் 26 நாள்னா 1,560 கிலோமீட்டர். ஒரு வருஷம் கொஞ்சம் தாண்டினதும் பெல்ட் செலவு வந்து நிக்கும். பெல்ட் அறுந்துச்சுன்னா வண்டி நகராது, தள்ளிக்கிட்டுத்தான் போகணும், அதுவும் செம்பனைக்கு நடுவுல.

அண்ணன் சொல்ற ஒய்15 நல்ல வண்டி, சண்டையில்ல. ஆனா முதல் மோட்டாருக்கு வேண்டாம். விலை கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு, இன்சூரன்ஸும் கூட. காலை ஜாம்ல கை கிளட்சப் பிடிச்சுப் பிடிச்சு மணிக்கட்டு வலிக்கும். திருடனுக்கும் அது ரொம்பப் பிடிச்ச மோட்டார். கிள்ளான்ல கடை ஓரத்துல காலையில இருந்து சாயங்காலம் வரை நிறுத்தறவங்களுக்கு இது சின்ன விஷயமில்ல. இஎக்ஸ்5-உம் நிறைய திருடு போற வண்டிதான், அதையும் சொல்லிடறேன். எது வாங்கினாலும் டிஸ்க் பூட்டு ஒண்ணு, சங்கிலி ஒண்ணு. சங்கிலியைச் சக்கரத்துக்குள்ள மட்டும் போட்டா வண்டியத் தூக்கி வேன்ல வெச்சுக்கிட்டுப் போயிடுவான். கம்பம், கிரில் மாதிரி நகராத எதோடயாவது சேர்த்துப் பூட்டுங்க.

பெட்ரோல் கணக்கையும் போட்டுருவோம், எல்லாரும் அதைத்தான் முதல்ல கேக்கறாங்க. கப்சாய் லிட்டருக்கு 50 ஓடும்னு வைங்க, மாசம் 31 லிட்டர். 2025 செப்டம்பர் கடைசியில வந்த பூடி95 (அரசாங்க மானிய ரோன்95 பெட்ரோல்) விலை லிட்டருக்கு 1 வெள்ளி 99 காசு, அந்தக் கணக்குல 62 வெள்ளி. 150 சிசி ஸ்கூட்டர் லிட்டருக்கு 40 குடுத்தாலும் 78 வெள்ளிதான். வித்தியாசம் 16 வெள்ளி. அதை வெச்சு மோட்டார் எடுக்காதீங்க.

செலவை ஏத்தறதும் இறக்கறதும் நீங்க எப்படிப் பாத்துக்கறீங்கங்கறதுதான். உங்க ஓட்டத்துக்கு ஆறேழு வாரத்துக்கு ஒருதடவை, 2,500 கிலோமீட்டருக்குள்ள, எஞ்சின் எண்ணெய் மாத்திடணும். கப்சாய்க்கு ஒரு லிட்டர்கூடப் பிடிக்காது. டப்பாவுல ஜாசோ எம்ஏன்னு போட்டிருக்கணும். கப்சாயில கிளட்ச் அந்த எண்ணெயிலயே ஊறி இருக்கு. கார் எண்ணெய் மலிவா கிடைக்குதுன்னு ஊத்தினா, அதுல இருக்கற வழுக்கற மருந்து கிளட்ச வழுக்க வெச்சுடும். எஞ்சின் கத்தும், வண்டி ஓடாது. ஜாசோ எம்பி ஸ்கூட்டருக்கு, மாத்தி எடுத்துடாதீங்க.

செயின். மண்ணு ரோட்டுல ஓடற செயினை 500 கிலோமீட்டருக்கு ஒருதடவை, மழையில நனைஞ்சா அன்னைக்கே, துடைச்சு எண்ணெய் விடணும். நடுவுல விரலால தூக்கிப் பாருங்க, 2-லிருந்து 3 செண்டிமீட்டர் ஏறி இறங்கணும். சரியான அளவு உங்க மாடல் புத்தகத்துல இருக்கும். சில பேரு 'டைட்டா இருந்தா நல்லது'ன்னு விறைப்பா இழுத்து விடறாங்க. நீங்க உக்காந்து குழியில விழும்போது பின் சக்கரம் மேல போகும், செயின் இன்னும் இறுகும். அந்த இழுப்பு நேரா கியர்பாக்ஸ் பேரிங்குக்குப் போகும்.

டயர் காத்து, தனியா ஓட்டினா முன்னாடி 200 கேபிஏ, பின்னாடி 225. பின்னாடி ஆள் ஏத்தினா 280. பெட்ரோல் பம்ப்ல மீட்டர் கேபிஏ-லதான் இருக்கும், வாரம் ஒருதடவை பிடிங்க. முடிஞ்சா டியூப்லெஸ் டயர் மாட்டற ஸ்போர்ட் ரிம் மாடலா எடுங்க. ஆணி ஏறினா டியூப் டயர் உடனே சப்புன்னு இறங்கிடும். டியூப்லெஸ்ல மெதுவாத்தான் காத்துப் போகும், கடை வரைக்கும் போய்ச் சேந்துடலாம்.

கடைக்குப் போனா சீட்ல உக்காந்து, சப்பாத்து போட்டுக்கிட்டே ரெண்டு காலும் தரையைத் தொடுதான்னு பாருங்க. நுனி விரல் மட்டும் தொட்டா ஜாம்ல சாஞ்சு விழுவீங்க. லோன் போட்டா 'மாசம் எவ்வளவு'ன்னு கேக்காதீங்க, 'கடைசியில மொத்தம் எவ்வளவு கட்டுவேன்'னு கேளுங்க. மாசம் 230 வெள்ளி சின்னதாத் தெரியும், 48 மாசம் கட்டினா 11,040 வெள்ளி.

செகண்ட் ஹேண்ட் பாக்கறதா இருந்தா எஞ்சின் சூடாகறதுக்கு முன்னாடி போங்க. விக்கறவர் ஏற்கெனவே சூடு பண்ணி வெச்சிருந்தா, ஸ்டார்ட் ஆகற சிரமம் மறைஞ்சுடும். எண்ணெய்க் கம்பியை உருவிப் பாருங்க. தே தாரிக் நிறத்துல இருந்தா உள்ள தண்ணி போயிருக்கு, பெரும்பாலும் வெள்ளத்துல நின்ன வண்டி. திரும்பி வந்துடுங்க. நடு ஸ்டாண்ட் போட்டு முன் ஃபோர்க்கோட அடிப்பகுதியை ரெண்டு கையாலயும் பிடிச்சு முன்னும் பின்னும் ஆட்டிப் பாருங்க. 'டக்டக்'னு அசைஞ்சா ஹேண்டில் பேரிங் போயிருக்கு. எஞ்சின் நம்பர், சேசிஸ் நம்பர் ரெண்டும் கிராண்ல, அதாவது வண்டியோட பதிவுப் பத்திரத்துல, இருக்கற மாதிரியே இருக்கணும், அரம் போட்டுத் தேச்ச தடம் இருக்கக் கூடாது. யாராவது 'சம்போங் பாயார், மாசத் தவணைய மட்டும் நீங்க கட்டிக்கிட்டுப் போங்க'ன்னா ஒத்துக்காதீங்க. நீங்க கட்டிக்கிட்டே இருப்பீங்க, வண்டி அவர் பேர்லயே இருக்கும், ஒருநாள் இழுத்துக்கிட்டுப் போனா கேக்க வழி கிடையாது. ரெண்டு பேரும் ஜேபிஜேக்கு (சாலைப் போக்குவரத்து இலாகா) போய், கைரேகை வெச்சு, பேர் மாறினதுக்கு அப்புறம்தான் மீதிப் பணம்.

ஹெல்மெட்ல சிரிம் தர முத்திரை ஸ்டிக்கர் இருக்கணும். ஒண்ணு மட்டும் கடைசியா, அந்த லோரி ரோட்டுக்காக. இடதுபக்கம் திரும்பப் போற நீள லோரிக்கு இடதுல நுழைஞ்சு முந்தாதீங்க. முன் பாகம் அகலமா வளைஞ்சு போகும், ஆனா பின்னாடி இழுக்கற வண்டியோட சக்கரம் உள்பக்கமா வெட்டிக்கிட்டு வரும். அந்த இடம் டிரைவர் கண்ணாடியில தெரியவே தெரியாது. லோரியோட கண்ணாடியில டிரைவர் முகம் உங்களுக்குத் தெரியலைன்னா, அவருக்கும் உங்களைத் தெரியலைன்னு வெச்சுக்கிட்டுப் பின்னாடியே நில்லுங்க.