குயின் மேரி: ஒரு துருப்புக் கப்பலின் ஆறரை ஆண்டுகள்

நேயர்களுக்கு வணக்கம்.

1943 ஜூலை 25-ஆம் தேதி நியூயார்க்கிலிருந்து ஸ்காட்லாந்துக்குக் கிளம்பிய குயின் மேரி என்ற பிரிட்டிஷ் பயணிகள் கப்பலில் 15,740 சிப்பாய்கள், 943 கப்பல் ஊழியர்கள், ஆக 16,683 பேர் இருந்தார்கள். ஒரே கப்பலில் அத்தனை பேர் கடல் கடந்த சாதனை இன்றுவரை முறியடிக்கப்படவில்லை. அந்தக் கப்பல் கட்டப்பட்டதோ 2,139 பயணிகளுக்கு. ஏழு மடங்கு ஆட்களை எப்படி ஏற்றினார்கள், அதற்கு என்ன விலை கொடுத்தார்கள் என்பதைத்தான் இன்று சொல்லப் போகிறேன்.

ஸ்காட்லாந்தின் கிளைட்பேங்கில் ஜான் பிரவுன் கப்பல் கட்டும் தளத்தில் கட்டி, 1936 மே மாதம் ஓடத் தொடங்கிய கப்பல் இது. நீளம் 1,019 அடி, அகலம் 118 அடி. நான்கு சுழல்விசிறிகள், 1,60,000 குதிரைத்திறன், வேகம் 28 நாட், அதாவது மணிக்கு 28 கடல் மைலுக்கும் மேல். முழு வேகத்தில் ஒரு நாளைக்கு ஏறக்குறைய 1,000 டன் எண்ணெய் குடிக்கும். இரண்டாம் உலகப் போர் மூண்டபோது நியூயார்க்கில் நின்றது. நின்ற இடத்திலேயே சாம்பல் நிறம் பூசப்பட்டு, 1940 மார்ச் 21-இல் சிட்னிக்குக் கிளம்பியது.

சிட்னியில்தான் முதல் மாற்றம். ஆறு மைல் நீளத்துக்குத் தரைவிரிப்பு, 220 பெட்டி பீங்கான், கண்ணாடி, வெள்ளிப் பாத்திரம், தட்டுமுட்டுச் சாமான் எல்லாம் இறங்கின. அறைகளில் அடுக்குப் படுக்கைகள், மேல்தளத்தில் பீரங்கிகள். காந்தக் கண்ணிவெடிக்குத் தப்ப, உடலைச் சுற்றி மின்கம்பி. மே 4-ஆம் தேதி சுமார் 5,000 ஆஸ்திரேலியச் சிப்பாய்களோடு புறப்பட்டு, ஜூன் 16 அன்று ஸ்காட்லாந்தின் கிளைட் ஆற்றுமுகம் சேர்ந்தது.

இத்தனை பெரிய கப்பலைப் பராமரிப்பதே தனித் தலைவலி. அடிப்பகுதியில் பாசியும் சிப்பியும் ஏறினால் வேகம் குறையும். வேகம்தான் இதன் கவசம். சுரண்டிப் பூச, தண்ணீரை வடித்துக் கப்பலின் அடியை வெளியே காட்டும் உலர்துறை வேண்டும். இதைத் தாங்கும் உலர்துறை உலகத்தில் விரல்விட்டு எண்ணக்கூடிய அளவில்தான் இருந்தது. 1940 ஆகஸ்டில் சிங்கப்பூர் உலர்துறைக்குப் போனது. 1941 பிப்ரவரியில் ஆஸ்திரேலியாவின் எட்டாவது டிவிஷனின் ஒரு பிரிகேடையும் அதே சிங்கப்பூரில்தான் இறக்கியது. ஓராண்டு கழித்து அந்தப் பிரிகேட் ஜப்பானியரிடம் சிறைப்பட்டது, உலர்துறையும் கைவிட்டுப் போனது. சிப்பாய்களைச் சூயஸுக்குக் கொண்டுபோன பயணங்களுக்குத் திருகோணமலை இடைத்தங்கல் துறையாக இருந்தது. ஆழமான இயற்கைத் துறைமுகம் என்பதால் இந்தப் பிரமாண்டம் உள்ளே வந்து எண்ணெயும் தண்ணீரும் பிடிக்க முடிந்தது.

இந்தியப் பெருங்கடலிலும் செங்கடலிலும் குறை வெளியே தெரிந்தது. வட அட்லாண்டிக் குளிருக்காக வடிவமைத்த காற்றோட்டம், வெப்பமண்டலத்துக்கு உதவவில்லை. இரவில் வெளிச்சம் கசியக் கூடாதென்று வட்டச் சன்னல்களை மூடினால் கீழ்த்தளங்கள் அடுப்பாகின. நெரிசலும் புழுக்கமும் சேர்ந்தால் சண்டை வருவது ஆச்சரியமில்லை.

அமெரிக்கா போரில் இறங்கியதும் கணக்கே மாறியது. 1942 தொடக்கத்தில் பாஸ்டனில் படுக்கைகளைக் கூட்டி 8,398 பேரை ஏற்றி ஆஸ்திரேலியாவுக்கு அனுப்பினார்கள். மே மாதம் நியூயார்க்கிலிருந்து ஸ்காட்லாந்துக்கு 9,880 பேர். எத்தனை பேரை ஏற்றலாம் என்ற கேள்வியை அமெரிக்கத் தளபதி ஜெனரல் மார்ஷல் அதற்கு முன்பே பிரிட்டிஷ் பிரதமர் சர்ச்சிலிடமே கேட்டிருந்தார். உயிர்காப்புப் படகும் மிதவையும் 8,000 பேருக்குத்தான். அதைப் பார்க்காவிட்டால் 16,000 பேர் போகலாம். நாங்களாக இருந்தால் என்ன செய்வோம் என்பதை மட்டும் சொல்ல முடியும், முடிவு உங்களுடையது என்று சர்ச்சில் பதில் சொன்னார். முடிவு என்ன என்பது ஜூலை 25 கணக்கிலேயே இருக்கிறது.

சரி, எப்படி அடைத்தார்கள்? இரும்புக் குழாய்ச் சட்டத்தில் கான்வாஸ் கட்டிய படுக்கை. ஒன்றன்மேல் ஒன்றாக ஐந்தாறு அடுக்கு. புரண்டு படுத்தால் மேலே இருப்பவரின் முதுகு இடிக்கும். முதல் வகுப்பு நீச்சல் குளத்திலும் இதே சட்டங்கள்தான். போதாததற்கு ஒரே படுக்கையை முறைவைத்துப் பகிர்ந்தார்கள். கோடையில் ஆயிரக்கணக்கானோர் திறந்த மேல்தளத்தில் படுப்பார்கள். குளிர்காலத்தில் அது நடக்காது. அதனால்தான் 15,000 என்பது கோடைக் கணக்கு மட்டுமே.

கப்பல் சிவப்பு, வெள்ளை, நீலம் என மூன்று பகுதி. ஏறும்போதே நிறச் சின்னம் சட்டையில் குத்தப்படும். அந்த நிறத்தை விட்டு வெளியே போகக் கூடாது. சாப்பாடு இரண்டே வேளை. காலைப் பந்தி ஆறரைக்குத் தொடங்கி 11 மணிக்கு முடியும், மாலைப் பந்தி 3 மணிக்குத் தொடங்கி ஏழரை வரை. வேளைக்கு ஆறு பந்தி, பந்திக்கு 45 நிமிடம், இரண்டாயிரத்துச் சொச்சம் பேர். கல்யாண வீட்டில் ஐந்நூறு பேருக்குப் பந்தி நடத்தித் திணறியவர்களுக்கு இதன் பாரம் புரியும். தட்டு அவரவருடையது, கழுவுவதும் அவரவர் பொறுப்பு. நன்னீருக்குப் பங்கீடு, குளியல் உப்புத்தண்ணீரில்.

நிறச் சின்னம் ஒழுங்குக்காக மட்டும் வந்ததில்லை, எடைக்காகவும்தான். ஆளும் மூட்டையுமாகத் தலைக்கு 100 கிலோ என்றால் 15,000 பேர் 1,500 டன். அதில் பெரும்பங்கு நீர்மட்டத்துக்கு மேலே இருக்கிறது. எண்ணெயோ கீழே இருக்கிறது, அது நாளுக்கு 1,000 டன் குறைகிறது. ஆக, கரை நெருங்க நெருங்கக் கப்பலின் கால் இலேசாகித் தலை கனக்கும். அந்த நேரத்தில் கரையைப் பார்க்க நாலாயிரம் பேர் ஒரே பக்கம் ஓடினால் கப்பல் சாயும். 118 அடி அகலத்தில் ஒரு பாகைச் சாய்வு, அடிவிளிம்பை ஏறக்குறைய ஓர் அடி கீழே இறக்கும். நியூயார்க்கில் ஹட்சன் ஆற்றுக்கு அடியில் ஹாலண்ட் சுரங்கப்பாதை போகிறது. அதைத் தாண்டும்வரை அசையாமல் நிற்கச் சிப்பாய்களுக்கு உத்தரவு இருந்தது.

வேகத்தில் நீர்மூழ்கிகள் கிட்டேகூட வர முடியாது. நீர்மேல் ஓடும்போதே அவற்றுக்கு 17 நாட்தான். துணைக் கப்பல்களுக்கும் நடுக்கடலில் தொடர முடியாததால், குயின் மேரி தனியாக, வளைந்து வளைந்து ஓடியது. இப்படி வளைந்தோடும் வகைகளில் எட்டாவது என்று எண்ணிட்ட முறையில் 40 நிமிடம் ஒரு சுற்று: 4 நிமிடம் நேர், வலப்பக்கம் 25 பாகை திரும்பி 8 நிமிடம், இடப்பக்கம் 50 பாகை திரும்பி 8 நிமிடம், மறுபடி நேர், பிறகு அதையே இடம் வலம் மாற்றி. இதனால் 28 நாட்டுக்கு மேல் ஓடினாலும் நேர்த்திசையில் முன்னேற்றம் 26 நாட் அளவே.

1942 அக்டோபர் 2, அயர்லாந்துக்கு வடக்கே. விமானத் தாக்குதலுக்குக் காவலாக முன்னால் போனது குரசோவா என்ற பழைய குரூசர் ரகப் போர்க்கப்பல், சுமார் 4,200 டன், வேகம் 25 நாட். குயின் மேரி கொஞ்சம் கொஞ்சமாக அதை எட்டியது. முந்தி வருபவர் விலக வேண்டும் என்று குரூசர் நினைத்தது. காவலுக்கு வந்தவர் விலகுவார் என்று குயின் மேரி நினைத்தது. பிற்பகல் இரண்டே காலை ஒட்டிய நேரத்தில் குரூசரை இரண்டாகப் பிளந்துகொண்டு போனது. நீர்மூழ்கி அபாயத்தால் நிற்கக் கூடாது என்பது கட்டளை, நிற்கவில்லை. மைல்கணக்கில் பின்னால் இருந்த டெஸ்ட்ராயர்கள் திரும்பி வந்து சுமார் 100 பேரை மீட்டன. 330-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். உடைந்த முன்முனைக்குள் சிமென்ட் கொட்டி அடைத்து, அப்படியே பாஸ்டனுக்கு ஓட்டிப்போய்ச் சரிசெய்தார்கள். போர் முடியும்வரை செய்தி வெளியே வரவில்லை. 1947-இல் முதல் தீர்ப்பு முழுப் பழியையும் குரூசர் மேல் போட்டது; மேல்முறையீட்டில் மூன்றில் இரண்டு பங்கு கடற்படைக்கு, ஒரு பங்கு குயின் மேரியின் உரிமையாளரான குனார்ட் நிறுவனத்துக்கு என்றாகி, 1949-இல் உறுதியானது. மேல்முறையீட்டுத் தீர்ப்பே நியாயமாகப் படுகிறது எனக்கு. பக்கத்தில் ஓடும் கப்பலுக்கு, தான் எந்த நிமிடத்தில் எந்தப் பக்கம் திரும்புவோம் என்பது துல்லியமாகத் தெரியும் என்று எண்ணியது இரு தரப்பின் பிழை.

அதே 1942 டிசம்பரில் ஸ்காட்லாந்துக்கு 700 மைல் தொலைவில் ஒரு பேரலை பக்கவாட்டில் அறைந்தது. கப்பல் 52 பாகை சாய்ந்ததாகவும், இன்னும் 3 பாகை போயிருந்தால் கவிழ்ந்திருக்கும் என்றும் பின்னாளில் கணக்கிட்டார்கள்.

1946-இல் ராணுவ வீரர்களை மணந்த பெண்களையும் குழந்தைகளையும் அமெரிக்கா, கனடாவுக்குக் கொண்டுசேர்த்துவிட்டு, செப்டம்பர் கடைசியில் கப்பல் ராணுவப் பணியிலிருந்து விடுபட்டது. 1947 ஜூலை 31-இல் மறுபடி பயணிகள் சேவை. பக்கவாட்டு ஆட்டத்தைக் குறைக்கும் துடுப்புகளைப் பொருத்தியது 1958-இல். 15,000 பேரைச் சுமந்த காலம் முழுதும் அவை இல்லாமலேதான் ஓடியது.

நன்றி, வணக்கம்.