கோட்டைன்னு சொல்றதுக்கு முன்னாடி யாரு வந்து ஓட்டுப் போட்டாங்கன்னு பாருங்க

எல்லாருக்கும் வணக்கம். புறநகர்ல மக்கள் எந்தக் கட்சிப் பக்கம் சாயறாங்க, எத்தனை பேர் ஓட்டுப் போட வர்றாங்க, இதப் பத்திப் பேசச் சொன்னாங்க. ரெண்டு தலைப்பு மாதிரி இருக்கு, என்னைக் கேட்டா ஒண்ணுதான்.

ரிசல்ட் அன்னிக்கு டிவில மேப் போட்டு, இந்த ஏரியா இன்னாரு கோட்டைன்னு கலர் அடிச்சுடறாங்கல்ல, அங்கதான் எனக்கு இடிக்குது. சின்னதா ஒரு கணக்கு போடுவோம். ஒரு ஏரியால 1000 ஓட்டு. 600 பேருக்கு ஒரு கட்சி, 400 பேருக்கு இன்னொண்ணு. அந்த 600-ல 45 சதவீதம்தான் வந்தாங்க, 270 ஓட்டு. 400-ல 75 சதவீதம் வந்துட்டாங்க, 300 ஓட்டு. முடிஞ்சுது கதை. மெஜாரிட்டி வீட்ல தூங்கிட்டு இருந்துருக்கு, ஊரே மனசு மாறிடுச்சுன்னு நாம நாலு நாள் விவாதம் பண்ணுவோம்.

புறநகர்ல இது ஏன் ஜாஸ்தின்னா, ஜனங்க மாறிக்கிட்டே இருக்காங்க. வாடகைக்கு வந்து ரெண்டு வருஷத்துல காலி பண்ணிடறாங்க, பேரு பழைய அட்ரஸ்லயே கிடக்கும், வேலை ஒரு ஊரு தூக்கம் ஒரு ஊரு, காலைல போனா ராத்திரிதான் வீடு. சொந்த வீட்டுக்காரங்க, வயசானவங்க கரெக்டா வந்துடுவாங்க. அப்போ லிஸ்ட்ல இருக்கற ஏரியா வேற, பூத் வாசல்ல நிக்கற ஏரியா வேற.

பூத்தை மாத்தினாலே ஆள் குறையும், நம்ப மாட்டீங்க. 2003-ல அமெரிக்கால கலிஃபோர்னியா கவர்னரை (அங்க ஜனங்க ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கற பதவி) பாதியிலேயே திரும்பப் பெறலாமான்னு தேர்தல் நடந்தப்போ, லாஸ் ஏஞ்சலஸ் கவுண்டில, அதாவது நம்ம மாவட்டம் மாதிரி, 5000-க்கு மேல இருந்த வாக்குச்சாவடிகளை 2000-க்கும் கீழ சுருக்கிட்டாங்க. பூத் மாறினவங்கள்ல கொஞ்சம் பேர் தபால்ல போட்டாங்க, அதைக் கழிச்சும் ஓட்டுப் பதிவு கிட்டத்தட்ட 2 சதவீதப் புள்ளி குறைஞ்சுது. ரெண்டு தானேன்னு சொல்லாதீங்க, எத்தனை தொகுதி அதைவிடக் கம்மி வித்தியாசத்துல போகுது.

இன்னொண்ணு எனக்கு ரொம்பப் பிடிச்சது, கொஞ்சம் குசும்பான ஆராய்ச்சி. 2006-ல அமெரிக்காவோட மிச்சிகன் மாநிலத்துல ஒரு பிரைமரி தேர்தலுக்கு, அதாவது கட்சி வேட்பாளர் யாருன்னு ஜனங்களே முடிவு பண்ற தேர்தலுக்கு முன்னாடி வீட்டுக்கு லெட்டர் அனுப்பினாங்க. போன தேர்தல்ல உங்க வீட்ல யார் போட்டா யார் போடல, பக்கத்து வீட்டுக்காரங்க போட்டாங்களா, எல்லாம் பேரோட, இந்தத் தேர்தல் முடிஞ்சதும் மறுபடி அனுப்புவோம்னு வேற. யாருக்குப் போட்டாங்கங்கறது இல்லைங்க, வந்தாங்களா இல்லையான்னு மட்டும், அது அங்க பொதுப் பதிவு. லெட்டர் வராத வீடுகள்ல ஓட்டுப் போட்டவங்க 29.7 சதவீதம், இந்த லெட்டர் வந்த வீடுகள்ல 37.8. ஓட்டு உங்க கடமைன்னு மட்டும் எழுதின லெட்டருக்கு 31.5 தான் வந்துச்சு. எனக்கு அப்படி ஒரு லெட்டர் வந்திருந்தா கிழிச்சுப் போட்டு நாலு திட்டு திட்டியிருப்பேன், ஆனா போய் போட்டுட்டும் வந்திருப்பேன்.

சரி, எல்லாரும் வந்தா சாய்வு மாறுமா? மாறியிருக்கு. ஆஸ்திரேலியால 1922-ல 60 சதவீதம்கூட வரல, 1924-ல கட்டாயம்னு சட்டம் வந்துச்சு, 1925-ல 91-ஐத் தாண்டிடுச்சு. அங்க மாநிலங்கள் ஒவ்வொண்ணா கட்டாயமாக்கினப்போ தொழிற்கட்சியோட ஓட்டுப் பங்கு 7-லேர்ந்து 10 புள்ளி ஏறிச்சுன்னு ஒரு ஆய்வு கணக்குப் போட்டிருக்கு. யாரும் கொள்கை மாறல, இவ்வளவு நாள் வராத உழைப்பாளி ஜனங்க வந்துட்டாங்க. அதுக்காக கட்டாயம் வேணும்னு நான் சொல்ல வரல, அது தனிச் சண்டை.

வீடு வீடா போறவங்களுக்கு மட்டும் ஒண்ணு. 2002-ல அமெரிக்கால டென்வர், மினியாபொலிஸ் ஊர்கள்ல ஒரு ஆய்வுக்காக ரெண்டு ஓட்டு இருக்கற வீடுகளாப் பார்த்துக் கதவைத் தட்டினாங்க, திறந்தவர்கிட்ட மட்டும் ஓட்டுப் போட வாங்கன்னு பேசிட்டு வந்துட்டாங்க. ஓட்டுப் போடணும்னு அவருக்கு வந்த வேகத்துல 60 சதவீதம், உள்ள இருந்து எட்டிக்கூடப் பாக்காத இன்னொருத்தருக்கும் போயிருந்துச்சு.