சிப்புட்டிலிருந்து சிப்புட்டுக்கு

வணக்கம் நேயர்களே. நம்ம ஊர் சுங்கை சிப்புட். மலாய் மொழியில் சிப்புட் என்றால் நத்தை, பசார் மாலாம் என்கிற இரவுச் சந்தையில் வாங்குகிற பச்சைச் சிப்பியும் சிப்புட் சூடுதான். இன்று நான் பேசப்போகிற தட்டைப்புழுவுக்கு நத்தையும் வீடு, சிப்பியும் வீடு.

போன வாரம் பக்கத்து வீட்டு அக்கா சம்பாலுக்குச் சிப்பி கழுவும்போது, சதைக்குள் கடுகில் பாதி அளவுக்கு ஒரு வெள்ளை மணியைப் பார்த்துவிட்டு, புழு முட்டை என்று பயந்து ஒரு கிலோவையும் கொட்டிவிட்டார். எனக்கு மனசே கேட்கவில்லை, ஏனென்றால் அது முத்து. ஐரோப்பியக் கடற்கரையின் நீலச் சிப்பியில் தட்டைப்புழுக் குஞ்சைச் சுற்றி இப்படி முத்து உண்டாவதை ஆய்வாளர் லிஸ்டர் ஜேம்சன் 1902இலேயே எழுதியிருக்கிறார்.

அந்தக் கடற்கரையில் இன்னொரு வகைத் தட்டைப்புழுவும் உண்டு, பெயர் ஹிமாஸ்த்லா. கடற்பறவையின் எச்சத்தோடு முட்டை விழும், பாறை நத்தைக்குள் போய்ப் பல மடங்காகப் பெருகும், வாலுள்ள குஞ்சுகளாக வெளியே நீந்தி வரும். சிப்பி தண்ணீரை உறிஞ்சும்போது கூடவே உள்ளே போய், வாலை உதிர்த்துவிட்டு, சிப்பியின் காலில் கூடு கட்டி உட்கார்ந்துகொள்ளும். சிப்பி பாறையைப் பிடித்துக்கொள்ளும் நார், நாம் தாடி என்று பிய்த்துப் போடுகிறோமே, அதை உண்டாக்குவது இந்தக் கால்தான். புழு நிறைந்தால் நார் குறையும், பிடி தளரும். அப்புறம் பறவை கொத்தித் தின்னும், புழு பறவைக்குள் வளர்ந்து மறுபடி முட்டையிடும். ரப்பர் மரத்தில் குருவி போட்ட விதையில் முளைக்கிற புல்லுருவியைப் பார்த்து வளர்ந்த நமக்கு இது புரியாத கதை இல்லை.

சரி, வளர்ப்புச் சிப்பிக்கு? ஜொகூர் நீரிணையில் செய்வதுபோல மிதவையிலிருந்து கயிறு தொங்கவிட்டால் நத்தை பக்கத்தில் இருக்காது. ஐரோப்பாவின் வட கடலில் ஆய்வு செய்தபோது கரையோரத்தில் தானாக வளர்ந்த சிப்பியில் புழு அதிகமாக இருந்தது, கரையைவிட்டுத் தள்ளித் தொங்கவிட்டு வளர்த்ததில் இல்லை. ஆனால் கயிறு எல்லாவற்றையும் தடுத்துவிடாது. பிரேசிலில் பழுப்புச் சிப்பிக்கு வரும் ஆரஞ்சு நோய்க்குக் காரணமான புழு நத்தையைத் தேடுவதே இல்லை, சிப்பியையே முதல் வீடாக்கி அதை மலடாக்கிவிடும். அது வளர்ப்பவரின் வயிற்றில் அடிக்கிற காரியம்.

சாப்பிடுகிற நமக்கு, நன்றாக வெந்தால் புழு செத்துவிடும். பச்சையாக மட்டும் வேண்டாம், கொரியாவில் வேகாத ஆளிச் சிப்பியைத் தின்று குடலில் புழு வந்தவர்கள் இருக்கிறார்கள். புழுவைவிட எனக்குப் பெரிய கவலை, கடல் சிவக்கும் நாட்களில் சிப்பியில் சேரும் நஞ்சுதான். எச்சரிக்கை வந்திருந்தால் வாங்காதீர்கள், எவ்வளவு கொதிக்கவைத்தாலும் அது போகாது.